கைடை மாற்றுவதற்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் கல்லூரியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. தண்டையார்பேட்டையில் வீடு. பதினொரு வருடமாகத் தம்பு செட்டித் தெருவில் ஒரு சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) ஆபீஸில் ஏற்றுமதிச் சரக்குக்கு ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம், போடும் வேலை. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவர். வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. முடித்து, 2023 ஜூலையில் இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட்டில் பார்ட்-டைம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, இவருடைய ஆபீஸுக்கு வரும் சிறிய ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். “ஒரே ஏரியா, ஒரே இறால். ஒருத்தர் பழைய ஜப்பான் பையருக்கு போன் போட்டுப் பிழைச்சார். இன்னொருத்தர் ஷட்டரை இறக்கிட்டார். ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார்” என்று எழுதுகிறார். அதையே தலைப்பாகக் கொண்டுபோனபோது கைடு சொன்ன பதில்: “இது பேப்பர்காரன் எழுதுற செய்திம்மா, ரிசர்ச் இல்ல. காசிமேட்டுக் கதையெல்லாம் தீசிஸ் ஆகாது.” அதற்குப் பதிலாக, ஒரு பன்னாட்டு கம்பெனியின் சென்னைக் கிளையில் 400 பேரிடம், நாடுகளின் கலாசார வித்தியாசத்தை எண்களாக அளந்த ஹோஃப்ஸ்டீடு என்ற ஆய்வாளரின் கலாசாரப் பரிமாணங்கள் பற்றிக் கேள்வித்தாள் நிரப்பி வாங்கச் சொல்லியிருக்கிறார்.

இதோடு நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் கைடின் எம்.பி.ஏ. வகுப்பை இவர்தான் எடுக்கிறார். விடைத்தாள் கட்டும் இவர் வீட்டுக்கு வருகிறது. இவர் எழுதிய கருத்தரங்கக் கட்டுரையில் இவர் பெயர் மூன்றாவதாக வந்திருக்கிறது, இரண்டாவதாக இருப்பவர் யாரென்றே தெரியாது. கைடு 2028இல் ஓய்வு பெறுகிறார். இதற்கிடையே ஒரு புரோக்கர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் தீசிஸும் இரண்டு பேப்பரும் தயார் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். “மூணு வருஷம் முடியப்போகுது, ரிஜிஸ்ட்ரேஷன் ரத்தாகிடுமா? கைடை மாத்த முடியுமா? புகார் கொடுத்தா வைவாவுல (வாய்மொழித் தேர்வில்) பழி வாங்குவாரா? இல்ல, எல்லாத்தையும் விட்டுட்டு என் பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருக்கவா?” என்பவைதான் கேள்விகள்.

அம்மா, நான் முப்பது வருடத்துக்கும் மேலாக இதே பாடத்தை நடத்தியவன்; கைடு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தவன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் காலக்கெடு பயத்தை இறக்கி வைத்துவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிமுறைகளின்படி, கோர்ஸ் வொர்க்கையும் சேர்த்து மூன்று வருடம் என்பது குறைந்தபட்சக் காலம். யாரோ அதை உங்களிடம் அதிகபட்சம் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருடம் வரை கிடைக்கும். பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் தரலாம். மொத்தம் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை எடுக்கவும் வழி இருக்கிறது. ஆறு வருடக் கணக்கே உங்களுக்கு 2029 ஜூலை வரை வருகிறது. உங்கள் பல்கலைக்கழகம் பார்ட்-டைம் ஆட்களுக்குத் தனி நிபந்தனை ஏதும் வைத்திருக்கிறதா என்று மட்டும் அதன் ரெகுலேஷன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைடின் ஓய்வும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய இடி இல்லை. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு ஓய்வு வரை கைடாக இருக்கலாம், அதன்பின் எழுபது வயது வரை இணை வழிகாட்டியாகத் தொடரலாம். அதாவது 2028இல் எப்படியும் இன்னொருவர் உங்கள் பொறுப்பை ஏற்றாக வேண்டும். இது உங்களுக்குச் சாதகமான விஷயம், பின்னால் சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். “காசிமேட்டுக் கதை” என்று அவர் சொன்னது தவறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகளிடம் அப்படிப் பேசியது அதைவிடத் தவறு. ஆனால் “இது செய்தி, ரிசர்ச் இல்லை” என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்திலும் ஒரு சம்பவம் இருக்கிறது, ஒரு ஆதங்கம் இருக்கிறது. ஆய்வுக் கேள்வி இன்னும் வரவில்லை. ஒருவர் பிழைத்தார், ஒருவர் மூடினார் என்பது செய்திதான். பிழைத்ததற்கு இன்னின்ன காரணம் இருக்கலாம் என்று இதுவரை ஆராய்ந்தவர்கள் சொல்லியிருப்பது என்ன, உங்கள் ஏரியாவில் நடந்தது அதோடு பொருந்துகிறதா, எங்கே முட்டுகிறது என்று கேட்கும்போதுதான் அது ஆய்வாகிறது.

கேட்கவும் இடம் இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சன், வால்னே என்ற இருவர், அந்த நாட்டு கம்பெனிகளைப் பார்த்துவிட்டு 1977இல் ஒரு கருத்தை வைத்தார்கள். ஒரு கம்பெனி வெளிநாட்டுக்குப் போகும்போது, மொழி, பழக்கவழக்கம், வியாபார முறை எல்லாவற்றிலும் தனக்கு நெருக்கமாகத் தெரியும் நாட்டுக்கு முதலில் போகும். அங்கே கற்றுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூர நாடுகளுக்கு நகரும் என்றார்கள். 2009இல் அதே இருவரும் தங்கள் கருத்தைத் தாங்களே திருத்தினார்கள். நாடு தூரமா கிட்டவா என்பதைவிட, அந்த வியாபார வட்டத்துக்குள் உனக்கு ஆள் இருக்கிறதா, நீ வெளி ஆளா என்பதுதான் பெரிய தடை என்றார்கள். பேராசிரியர்கள் முப்பது வருடம் கழித்துத் தங்கள் சொல்லையே மாற்றிக்கொள்வது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம்.

இப்போது உங்கள் ஜப்பான் போன்காரரைப் பாருங்கள். மனசளவில் அவருக்கு ஜப்பான் கிட்டத்து நாடா? இல்லை. அங்கே அவருக்குப் பழைய பழக்கம் இருந்தது. ஷட்டரை இறக்கியவருக்கு அமெரிக்க பையரைத் தவிர வேறு பழக்கமே இல்லையா, அல்லது பழக்கம் இருந்தும் பேங்க் கடன் கழுத்தை நெரித்ததா? உப்சாலாக்காரர்களின் கருத்து, கம்பெனி தானாக விரும்பி, மெதுவாக வெளிநாட்டுக்குப் போவதைப் பற்றியது. வரி என்ற அடி விழுந்து சில வாரங்களில் சந்தையை மாற்ற வேண்டி வந்த சிறு ஏற்றுமதியாளருக்கும் அது பொருந்துமா? இது ஒரு கேள்வி. தம்பு செட்டித் தெருவில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்த ஒருவரால் கேட்க முடிகிற கேள்வி. இதை எழுதிக்கொண்டு போயிருந்தால் உங்கள் கைடு அவ்வளவு சுலபமாக வாயை அடைத்திருக்க முடியாது.

வடசென்னைக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் திருவொற்றியூரைக் காட்டுங்கள். நான் வகுப்பில் அதைத்தான் காட்டுவேன். 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, உதிரிபாகம் வரவழைத்து, ‘புல்லட்’ பூட்டத் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலை அங்கேதான் வளர்ந்தது. 1970களின் தொடக்கத்துக்குள் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடிப்போயிற்று. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்தது; 1977இல், உப்சாலாக் கட்டுரை வந்த அதே வருடம், தாய் நாட்டுக்கே வண்டியை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. கிட்டத்து நாட்டுக்கு முதலில், தூர நாட்டுக்கு அப்புறம் என்ற கணக்கில் இதை எங்கே வைப்பது என்று கேட்டால் வகுப்பே விழித்துக்கொள்ளும்.

அந்த 400 எங்கிருந்து வந்தது

உங்கள் கைடு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பாதி மேனேஜ்மென்ட் தீசிஸ்கள் இந்த எண்ணில்தான் நிற்கின்றன. எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும் யமானே என்பவரின் சூத்திரத்தில் ஐந்து சதவீதப் பிழையை அனுமதித்துக் கணக்குப் போட்டால், மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் விடை 400ஐத் தாண்டாது. ஒரு கூட்டத்தில் எத்தனை சதவீதம் பேர் இப்படி என்று மதிப்பிட அது உதவும். “ஏன் பிழைத்தார், எப்படிப் பிழைத்தார்” என்ற கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதினைந்து ஏற்றுமதியாளர்களை வைத்துக்கொண்டு தீசிஸ் எழுத முடியாது என்று நீங்களே நம்பிவிட்டீர்கள், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கேஸ் ஸ்டடி முறையில் கோட்பாடு கட்டுவதைப் பற்றி கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989இல் எழுதிய கட்டுரையில், நான்கிலிருந்து பத்து கேஸ்கள் வரை பொதுவாக நன்றாக வேலை செய்யும் என்கிறார். கேஸ் குறையும்போது ஆழம் கூட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஆளிடம் மூன்று முறை போக வேண்டும், கணக்குப்பிள்ளையிடமும் பேச வேண்டும், பேங்க் மேனேஜரிடமும் பேச வேண்டும்.

ஹோஃப்ஸ்டீடு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய எண்கள் 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம், பல நாடுகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களிலிருந்து வந்தவை. நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட எடுத்த அளவு அது. அதை ஒரு தனி ஆள் மீது பொருத்தக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஒரே ஊரில், ஒரே கம்பெனியில் 400 பேரிடம் அதைக் கேட்டால், எந்த நாட்டோடு ஒப்பிடுவீர்கள்? இதை கைடிடம் மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். அவருக்கும் யோசிக்க இடம் கிடைக்கும்.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எண்ணூரிலிருந்து வந்த ஒரு பையன், வெளிநாட்டுக் கூட்டு முயற்சியில் இருந்த ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர்கள் இரண்டு முதலாளிகளுக்கு நடுவே எப்படி வேலை பார்த்தார்கள் என்று எழுத வந்தான். சீக்கிரம் முடியட்டும் என்று அவனைக் கேள்வித்தாள் பக்கம் திருப்பினேன். நான்கு வருடத்தில் டாக்டர் ஆனான். வைவா முடிந்த அன்று, “நான் கேட்க நினைச்ச கேள்வி வேற சார்” என்றான். அந்த சூப்பர்வைசர்களில் பலர் இன்று இல்லை. அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்க முடியாது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது உங்கள் டேட்டா இல்லை

கடிதத்தின் நடுவே போகிற போக்கில், “பத்து வருஷ ஷிப்பிங் பில் எங்க சிஸ்டத்துலயே இருக்கு, அதை எடுத்துக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். அந்த பில்களில் இருப்பது வாடிக்கையாளர்களின் பையர் பெயர், விலை, அளவு. உங்கள் ஆபீஸை நம்பிக் கொடுத்தவை. முதலாளியின் எழுத்து அனுமதியும், சம்பந்தப்பட்ட ஏற்றுமதியாளரின் சம்மதமும் இல்லாமல் ஒரு எக்செல் ஃபைலைக்கூட எடுக்காதீர்கள். வேலையும் போகும், தீசிஸும் போகும்.

எத்தனை இறால் எந்த நாட்டுக்குப் போயிற்று என்ற பொதுக் கணக்கு வேண்டுமென்றால், மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் எச்.எஸ். கோடு (சரக்கை வகைப்படுத்தும் எண்) வாரியாக, நாடு வாரியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உறைந்த இறால் 0306இல் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றதை நேரில் பேசி வாங்குங்கள். பேசுமுன் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. காசிமேடு, இறால், ஜப்பான் பையர் என்று மூன்று சொல் எழுதினால் ஆள் யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். (இங்கே அந்த விவரங்களை மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.)

வகுப்பு, விடைத்தாள், மூன்றாவது பெயர்

பிஎச்.டி. ஆய்வாளர் வகுப்பு எடுப்பதே சுரண்டல் என்று நினைக்க வேண்டாம். 2022 விதிமுறையே ஆய்வாளருக்குக் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்கிறது. டியூட்டோரியல், மதிப்பீடு போன்ற வேலையாக வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை தரலாம் என்கிறது. பின்னால் ஆசிரியர் வேலைக்குப் போனால் அந்தச் சனிக்கிழமைகள் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அது துறை எழுதிக் கொடுத்த பொறுப்பாக இருக்க வேண்டும். கைடின் சம்பள வேலையை அவருக்குப் பதிலாகச் செய்வதும், பரீட்சை விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்துவதும் அதில் சேராது. விடைத்தாள் விஷயத்தில் நாளை ஏதாவது வெடித்தால் மாட்டுவது நீங்கள்தான். “துறைத் தலைவரிடமிருந்து ஒரு ஆர்டர் வாங்கிக் கொடுங்க சார், தொடர்ந்து செய்றேன்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு விடைத்தாள் வருவது நின்றுவிடும்.

கட்டுரையில் பெயர் வருவது உழைப்புக்கு. கேள்வியை உருவாக்குவதிலோ, டேட்டாவிலோ, எழுத்திலோ பங்கு இல்லாதவர் பெயர் வரக் கூடாது. எழுதியவர் பெயர் பின்னுக்குப் போகவும் கூடாது. போனது போகட்டும். அடுத்த கட்டுரையின் முதல் வரி எழுதும்போதே யார் பெயர், எந்த வரிசையில் என்று மெயிலில் எழுதி, கைடின் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லட்சம்

வேண்டாம். இதில் எடைபோட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. உங்கள் தீசிஸ் ‘ஷோத்கங்கா’ தளத்தில் ஏறும். உலகத்தில் யார் வேண்டுமானாலும், எத்தனை வருடம் கழித்தும் அதை எடுத்துப் பார்க்கலாம். 2018 யு.ஜி.சி. விதியின்படி, மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 40ஐத் தாண்டினால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. புரோக்கர் ஒரே அத்தியாயத்தை எத்தனை பேருக்கு விற்றார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் “யு.ஜி.சி. கேர் லிஸ்ட் ஜர்னல்” என்று சொல்கிறாராமே, ஏற்கத்தக்க ஜர்னல்களின் அந்தப் பட்டியலையே யு.ஜி.சி. 2025 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டது. இல்லாத சரக்கை விற்கிறார். பேப்பர் வெளியானால்தான் தீசிஸ் கொடுக்க முடியும் என்ற 2016இன் கட்டாயத்தையும் 2022 விதிமுறை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக அப்படி வைத்திருக்கலாம். ரெகுலேஷனில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், சக ஸ்காலர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

கைடை மாற்றுவது

முடியும். ஆனால் இன்றே செய்ய வேண்டாம் என்பது என் யோசனை. கேள்வி இல்லாமல் புதிய கைடிடம் போனால், அவரும் தனக்குத் தெரிந்த ஒரு கேள்வித்தாளை உங்கள் கையில் கொடுப்பார். ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வாளர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை எடுக்கலாம். இடம் காலியாக இருக்கும் ஒருவர், தெளிவான கேள்வியோடு வருபவரைத்தான் விரும்புவார்.

உங்களுக்கு கைடு மட்டுமே கதி என்று நினைக்கிறீர்கள். ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டியது டி.சி. (டாக்டரல் கமிட்டி) உறுப்பினர்கள் முன்னிலையில். அந்தக் கமிட்டிக்குத் தலைப்பையும் முறையையும் பற்றிச் சொல்ல அதிகாரம் இருக்கிறது. அடுத்த மீட்டிங்கில் உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் வையுங்கள்: ஏற்கெனவே உள்ள கருத்து, அது எங்கே போதவில்லை, யாரிடம் பேசப்போகிறீர்கள், எத்தனை மாதம். உறுப்பினர்கள் சொல்வது மினிட்ஸில் ஏறட்டும். 2028இல் கைடு ஓய்வு பெறுவதைச் சொல்லி, இப்போதே ஒரு இணை வழிகாட்டி வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல், யாரையும் குற்றம் சொல்லாமல், உங்கள் தீசிஸுக்குள் இரண்டாவது ஆள் ஒருவரைக் கொண்டுவர இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. நான் சாதகம் என்றது இதைத்தான்.

அதற்கும் அவர் முட்டுக்கட்டை போட்டால் மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய கைடின் சம்மதம், புதியவரின் ஒப்புதல், துறையின் பரிந்துரை என்று வழக்கமாகக் கேட்பார்கள். சம்மதம் தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அதன்பின் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்கிறது: 2023 விதிமுறைப்படி 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேட்பு அதிகாரியிடம்) மேல்முறையீடு செய்யலாம். தேதி போட்ட மெயில்கள் இல்லாமல் அங்கே போனால் உங்கள் வார்த்தை, அவர் வார்த்தை என்று நின்றுவிடும். அதனால் இன்றிலிருந்து எந்தச் சந்திப்பு முடிந்தாலும், “சார், இன்று இப்படிப் பேசினோம்” என்று இரண்டு வரி மெயில் அனுப்பிவிடுங்கள்.

வைவாவில் பழி வாங்குவாரா என்றால், தனியாக அவரால் முடியாது. தீசிஸை மதிப்பிட வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது வைவாவில் உட்கார்ந்திருப்பார். துறை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் வந்து உட்காரலாம். ஆனால் சினாப்சிஸில் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கத்தில்) கையெழுத்தைத் தள்ளிப்போட்டு அவரால் காலம் கடத்த முடியும், அது உண்மையான ஆபத்து. இணை வழிகாட்டியும் மினிட்ஸும் அதற்குத்தான்.

விட்டுவிடவா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையைக் காரணம் காட்டி நீங்கள் விடுவது எனக்குச் சம்மதமில்லை. விருப்பமே போய்விட்டது என்றால் விடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் ஏற்றுமதியாளர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். கைடைப் பற்றி ஒரு பக்கம்தான்.

டி.சி. மீட்டிங்குக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் மூன்று பேரிடமாவது பேசிவிடுங்கள். போன் போட்டுப் பிழைத்தவரிடம் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அவர் சந்தோஷமாகப் பேசுவார். முதலில் ஷட்டரை இறக்கியவரைத் தேடிப் போங்கள். இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனால் அவருடைய பில் புத்தகமும் ஞாபகமும் கூடவே போய்விடும்.